துடுப்புக்குள் ஐந்து விரல்

கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர், யுத்தம் முடிந்து தருமபுரிக்குத் திரும்பியிருந்தார். ஒல்லியான ஆள். பேசுமுன் ஒருமுறை மூச்சை ஆழ இழுப்பார். ஓங்கல், அதாவது டால்பின், பார்க்க மீன் மாதிரி இருந்தாலும், நீருக்கு மேலே வந்துதான் மூச்சுவிடும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்பார். ஊர் அவரைப் புளுகர் என்றது. அவர் மகளைத் தன் மகனுக்குப் பேசியிருந்த கறிக்கடைக்காரரும் தயங்க ஆரம்பித்தார்.

ஒரு காலை காபிக் கிளப்பில் கறிக்கடைக்காரர் கேட்டார்: "அந்த மீனுப் பால்ல தயிரு ஒறைஞ்சுதுங்களா?"

எல்லோரும் சிரித்தோம். கப்பல்காரர் ஒரு துணி மூட்டையை அவிழ்த்து, எலும்புகளை மேசையில் வரிசையாக அடுக்கினார்.

"கரையில செத்து ஒதுங்குன ஓங்கலோட துடுப்புங்க. எலும்பு உங்க தொழிலு. நீங்களே சொல்லுங்க."

கறிக்கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல்கள்.

"இது மீனு முள்ளு இல்லீங்க, கையி. சம்பந்தி சொன்னது நெசந்தானுங்க," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அந்தச் சொல்லிலேயே கல்யாணம் நிச்சயமானது.

"முன்னாடியே காட்டியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"வாயில சொன்னா நம்புற ஆளு ஒருத்தராச்சும் இருப்பாங்களான்னு பார்த்தேனுங்க."

நிமிர்ந்த தலையுடன் வெளியே போனார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். என்மேல் அவருக்கு ஏன் கோபமே வரவில்லை என்பது இன்றும் விளங்கவில்லை.