முப்பது நாள் என்று எழுதியவர்

எங்கள் மில்ஃபோர்க்கில் எல்பர்ட் குயிம்பியை யாரும் வக்கீல் குயிம்பி என்று சொல்வதில்லை. ஸ்டவுட்டின் கூட்டாளி என்பார்கள். அலுவலகப் பலகையில் இரண்டு பெயர்கள் இருந்தாலும், உள்ளே உட்கார்ந்து வழக்குகளைப் பார்த்தது குயிம்பி ஒருவர்தான். ஹார்லன் ஸ்டவுட் மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸில் சட்டமன்ற உறுப்பினர். கூட்டம் இல்லாத மாதங்களில் வண்டியேறி ஊர் ஊராகப் பேசப் போய்விடுவார்.

நான் நீதிமன்ற எழுத்தர். எனக்குத் தெரிந்து எங்கள் மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர்கள் எல்லோரும் வக்கீல்கள். விவசாயியால் நிலத்தை விட்டு நகர முடியாது, கடைக்காரரால் கடையைப் பூட்ட முடியாது. வக்கீலுக்குத்தான் பின்னால் ஒரு குயிம்பி இருப்பார்.

ஸ்டவுட் கொண்டுபோகும் சட்ட வரைவுகளைத் திருத்துவதும் குயிம்பிதான். ஒரு குளிர்காலத்தில் ரயில்பாதைத் தீ பற்றிய வரைவு வந்தது. திருத்தி அனுப்பினார். அது சட்டமானது.

அந்த ஆகஸ்டில் ரயில் எஞ்சினின் தீப்பொறி பறந்து ஹல்டா கிரெபரின் ஓட்ஸ் வயலும் களஞ்சியமும் எரிந்தன. குதிரைகளை அவிழ்க்க உள்ளே ஓடிய அவள் கணவர் ஐந்து வாரம் படுக்கையில் கிடந்து இறந்தார். அடக்கம் முடித்து அவள் குயிம்பியிடம் வந்தபோது, தீ விபத்து நடந்து நாற்பத்தொரு நாள்.

வழக்கு அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. ரயில் தரப்பு வக்கீல் எழுந்து, முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் இழப்பீடு கேட்க முடியாது என்ற விதியைப் படித்தார். குயிம்பியின் உதடுகளும் கூடவே அசைந்ததை நான் பார்த்தேன். வழக்கு தள்ளுபடியானது.

வெளியே தாழ்வாரத்தில் அவர் சொன்னார்: "ஹல்டாம்மா, அந்த முப்பது நாள எழுதினது நான்தான்."

"நீங்களா? அந்த ஸ்டவுட்டு இல்லியா?"

"வரைவுல 'நியாயமான காலத்துக்குள்ள'ன்னு இருந்துச்சு. வழவழன்னு இருக்கேன்னு நான்தான் அடிச்சுட்டு முப்பது நாள்னு போட்டேன்."

"எழுதறப்ப யார மனசுல வச்சு எழுதுனீங்க?"

"யாரையும் இல்லம்மா. களைப்பா இருந்துச்சு. சீக்கிரம் முடிச்சா போதும்னு இருந்துச்சு."

அவள் படியிறங்கிப் போனாள்.

அடுத்த ஆண்டு ஸ்டவுட் நாட்டின் பாராளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வானார். காலியான இடத்துக்குக் கட்சிக்காரர்கள் குயிம்பியைக் கேட்டு வந்தார்கள்.

"எனக்கு மேடையில பேச வராதுய்யா."

"அதனால என்ன? ஸ்டவுட்டுக்கு எழுத வராது. அவரு போகலையா?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சம்மதித்தார். எதற்கென்று எனக்கு மட்டும் தெரியும். அறுபத்தொரு வாக்கில் ஜெயித்தார்.

முதல் கூட்டத்தொடரில், அந்த முப்பது நாளை நீட்ட அவர் கொண்டுபோன திருத்தம் சட்டமன்றக் குழுவைத் தாண்டவே இல்லை. குழுவிலிருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வக்கீல்கள். அவர்களில் நான்கு பேர் ரயில் கம்பெனிகளுக்கு வழக்காடுகிறவர்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி ஜெயித்து, மறுபடி கொண்டுபோனார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் நின்றார். முப்பது நாள் தொண்ணூறு ஆனது. பழைய வழக்குகளுக்கு மட்டும் அது பொருந்தாது.

ஊர் திரும்பியதும் ஹோட்டல் சமையற்கட்டுக்குப் போனார். ஹல்டா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கே சமைத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தியாச்சும்மா. தொண்ணூறு நாள்."

"எனக்கு உதவாதுல்ல?"

"உதவாது."

அவள் கரண்டியைக் கீழே வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாதி ஆளா ஆயிட்டீங்களே வக்கீலய்யா. உக்காருங்க, சூப்பு ஆறிடும்."

கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மூன்றாம் முறை அவர் நிற்கவில்லை. கட்சி எதிர்த் தெருவிலிருந்த இருபத்தொன்பது வயது வக்கீல் ஒருவரை நிறுத்தியது. அவருக்கு நன்றாகப் பேச வரும். பின்னால் வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டாளியும் இருந்தார்.