நசரத்பேட்டையில் ஒரு பெனின் காப்பு

வேலூர் போகும் பேருந்து நசரத்பேட்டையில் பஞ்சராகி நிற்கிறது. இறங்கிப் போய்ச் சாலையோரப் பழைய இரும்புக் கடையை எட்டிப் பார்க்கிறேன். பித்தளைக் குவியலின் மேல், குதிரை லாடம் போல் வாய் திறந்த காப்பு ஒன்று கிடக்கிறது. அதேபோல் இன்னொன்றைக் கடைக்காரரின் மனைவி கையில் போட்டிருக்கிறார். இந்த வடிவத்தை ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன்.

"இது எங்கேருந்து வந்தது?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "நீ இன்னா சார், போலீஸா? ஆப்பிரிக்காலேந்து கப்பல்ல வர்ற பழைய சாமானோட வந்துச்சு. திருட்டு சாமான் இல்ல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாராவது அச்சில் வார்த்த போலியாகவும் இருக்கலாம். இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். போர்த்துகீசியர்கள் இப்படிப்பட்ட காப்புகளை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் அரசுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். அரண்மனை வார்ப்பாளர்கள் அவற்றை உருக்கி அரசர்களின் தலைச் சிலைகளைச் செய்தார்கள். அதே காப்புகளைக் கொடுத்துப் போர்த்துகீசியர்கள் அந்தக் கரையில் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கினார்கள்.

"வெலய கொறைக்கக் கத வுடாத சார்."

அவர் மனைவி என் முகத்தையே சந்தேகமாகப் பார்க்கிறார். பிறகு காப்பைக் கழற்றுகிறார். குவியலில் போடவும் மனமில்லாமல், அதைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்.