எலும்பெடுத்த எலி

எங்கள் சித்தப்பா மீன் வெட்டுகிறவர். அவர் வெட்டித் தந்த மீனில் முள் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. சொன்னால் அவர் சும்மா விடவும் மாட்டார். ஒருநாள் அந்தியில், கடைக் கூரையில் குடியிருந்த ஆந்தை ஒரு எலியை அப்படியே முழுங்குவதைப் பார்த்துவிட்டார். கீழே அது கக்கிய உருண்டைகள், எலும்பும் முடியுமாய்க் கிடந்தன. மனிதருக்கு மனசே ஆறவில்லை.

"பாவம், வெட்டிக் கொடுக்க ஆளில்லாம கக்கிக்கிட்டுக் கிடக்குதுடி," என்று சித்தியிடம் புலம்பினார்.

"ஆந்தை அப்படித்தாங்க சாப்பிடும். செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாக் கக்கிரும். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

கேட்டால்தானே! மறுநாள் பொறியில் விழுந்த எலியைத் தோலுரித்து, எலும்பெடுத்து, மெல்லிய துண்டுகளாக்கி, ஏணி போட்டு ஏறி, ஆந்தைக்கு முன்னால் தட்டில் வைத்தார். அந்தக் கத்தியைச் சித்தி தூக்கிக் குப்பையில் எறிந்தது தனிக்கதை.

ஆந்தை தட்டைப் பார்த்தது. அவரையும் பார்த்தது. அப்புறம் நடந்ததைச் சித்தப்பா இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பொருமுகிறார்:

"சரக்கு பிடிக்கலைன்னா மனுஷங்க முதுகைக் காட்டிட்டுப் போவாங்க. அது உக்காந்த இடத்துலயே மூஞ்சிய மட்டும் முதுகுப் பக்கம் திருப்பிக்கிச்சுங்க!"