நாய்க்கு என்று எடுத்த ரொட்டி ஓரங்கள்

ஆலயக் கூடத்துச் சமையலறையை எட்டு வருடமாக நடத்தி வந்தவளை எல்லாரும் கேன்டீன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி கேன்டீனில் இருபத்தாறு வருடம் கரண்டி பிடித்தவள். ஓய்வு பெற்ற மறு வாரமே போதகர் வீடு தேடி வந்தார். தெருவில் படுத்து எழுகிறவர்களுக்கு வாரம் மூன்று நாள் காலைச் சாப்பாடு போடச் சபை முடிவெடுத்திருக்கிறது, சமையலறையைக் கட்டி மேய்க்கத்தான் ஆள் இல்லை என்றார். லாரி ஓட்டி முதுகைத் தொலைத்திருந்த அவள் கணவர் உள்ளறையிலிருந்தே, "கூட்டிட்டுப் போங்கய்யா. வீட்ல என்னையே தட்டைப் பிடிச்சிட்டு வரிசையில நிக்க வைக்கிறா," என்று குரல் கொடுத்தார்.

போனாள். ஆஸ்பத்திரி ஒழுங்கு மொத்தமும் அவளோடு போனது. கூடத்துக்கு இரண்டு வாசல். முன்வாசலில் வருகிறவர்கள் விருந்தாளிகள். வேறு எந்தப் பெயராலும் அவர்களைச் சொல்லப் போதகர் விடமாட்டார். பின்வாசலில் வருகிறவர்கள் பரிமாறுகிறவர்கள். அவர்களுக்கு நீல ஏப்ரன். விருந்தாளியிடம் பெயரோ விலாசமோ கேட்கக் கூடாது என்பது போதகர் போட்ட சட்டம். ஏப்ரன் கட்டியவர் வாயில் எதையும் போடக் கூடாது என்பது கேன்டீன் அக்கா போட்ட சட்டம். அதைத் தடித்த எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தாள். வேலை முடிந்தால் பரிமாறுகிறவர்கள் அவரவர் வீட்டில் போய்ச் சாப்பிடுவார்கள். மீந்தது விருந்தாளிகளுக்குப் பொட்டலமாகப் போகும். இதில் ஒரு குறை இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

குளிர் தொடங்கிய ஒரு வாரத்தில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட, ஆள் பற்றாமல் அவள் திண்டாடிக்கொண்டிருந்த காலையில் பின்வாசலை யாரோ மெல்லத் தட்டினார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். தடித்த மூக்குக்கண்ணாடி, படிய வாரிய தலை, துவைத்து மடிப்புக் கலையாத உடை. அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கேன்டீன் அக்கா முந்திக்கொண்டாள்.

"இப்பத்தான் விடிஞ்சுதாம்மா உங்களுக்கு? வாங்க, வெங்காயம் மலை மாதிரி கிடக்கு."

சொல்லிக்கொண்டே ஏப்ரனைத் தலை வழியாக மாட்டி, பின்னால் முடிச்சும் போட்டுவிட்டாள். அந்தப் பெண் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து ஏழு மாதம். கண்ணாடிக்காரம்மா ஒரு நாள் தவறியதில்லை. வெங்காயத்தை ஒரே கனத்தில் நறுக்குவாள். விருந்தாளிகள் யாருக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி, யாருக்குப் பல் இல்லாததால் ரொட்டியைச் சூப்பில் நனைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரியில்கூட இப்படி ஒரு கை தனக்குக் கிடைத்ததில்லை என்று கேன்டீன் அக்கா போதகரிடமே சொல்லியிருந்தாள். எங்கே வீடு என்று ஒருமுறை கேட்டதற்கு, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் குடியிருப்பு என்று பதில் வந்தது. அதோடு சரி.

எச்சில் தட்டு வழிக்கும் வேலையை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். விருந்தாளிகள் கடித்து வைத்த ரொட்டி ஓரங்களையும் முட்டைத் துண்டுகளையும் ஒரு டப்பாவில் சேர்த்து மூடிக்கொள்வாள். நாய்க்கு என்பாள்.

"எங்க வீட்டுக்காரருக்கே இந்தக் கவனிப்பு கிடையாது," என்று கேன்டீன் அக்கா மற்றவர்கள் காதில் விழும்படி சொல்வாள். "உங்க நாய் கொடுத்து வச்ச நாய்ம்மா." எல்லாரும் சிரிப்பார்கள். கண்ணாடிக்காரம்மாவும் சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை, பெரிய பானையைக் கழுவும்போது ஆவி படிகிறது என்று கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தவள், அதை மறந்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். அது இல்லாமல் அவளுக்கு எட்ட நிற்பவர் முகம் தெரியாது. கேன்டீன் அக்கா கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மஞ்சள் குடியிருப்புக்கு நடந்தாள்.

அப்படி யாரும் இங்கே குடியில்லை என்றார் காவலாளி. கண்ணாடியைப் பார்த்ததும் அவருக்குப் பிடிபட்டது.

"ஓ, அவங்களா? பின்பக்கமா போங்க. சலவைக் கடைக் குழாய்ல சூடா காத்து வரும் பாருங்க, அங்கதான் இருப்பாங்க. நல்ல அம்மா. யாருக்கும் தொந்தரவு கிடையாது."

சலவைக் கடையில் வேலை பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் கேன்டீன் அக்கா மூலையைத் திரும்பினாள்.

விரித்த அட்டைப்பெட்டியின் மேல் கண்ணாடிக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாய் கட்டிய இரண்டு பைகள். சூடான குழாயின் மேல் துவைத்த உடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மடியில் அந்த டப்பா. யாரோ பாதி கடித்து வைத்த ரொட்டி ஓரத்தை எடுத்து, ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டாள். அவசரமில்லாமல் மென்றாள். சுற்றுமுற்றும் எங்கேயும் நாய் இல்லை.

கேன்டீன் அக்கா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். எதிரே ஏதோ உருவம் நிற்பது மட்டும் தெரிந்து, கண்ணாடிக்காரம்மா படக்கென்று டப்பாவை மூடினாள்.

"போயிடறேங்க. ஒரே நிமிஷம், எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

ஏழு மாதத்தில் அந்தக் குரலைக் கேன்டீன் அக்கா கேட்டதே இல்லை. கைக்குட்டையை நீட்டினாள். கண்ணாடியைத் தடவி மாட்டிக்கொண்டவள், யார் என்று கண்டதும் பைகளை எடுப்பதை விட்டாள்.

"முதல் நாள் நீங்க சாப்பிடவா வந்தீங்க?"

"ஆமாக்கா. முன்னாடி ஒரே ஆம்பளைங்க வரிசை. கூச்சமா இருந்துச்சு. அதான் பின்னாடி வந்து தட்டினேன்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க ஏப்ரனைக் கட்டிட்டீங்க." அவள் குழாய் மேல் காய்ந்த உடையைத் திருப்பிப் போட்டாள். "ரெண்டு வருஷமா எல்லா இடத்துலயும் எழுந்து போன்னுதான் சொல்லுவாங்க. நீங்க மட்டும்தான் லேட்டா வந்ததுக்குத் திட்டினீங்க."

கேன்டீன் அக்கா அட்டையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை முட்டை தன் கையால் உரித்து இவள் கையில் கொடுத்திருப்பாள். அத்தனையும் இவள் அடுத்தவர் தட்டில் வைத்தாள். அப்போதெல்லாம் அடுப்புக்கு மேலே அந்தச் சட்டம் ஒட்டியிருந்தது. பின் அறை சும்மாதானே கிடக்கிறது, வீட்டுக்கு வா என்று சொல்ல நினைத்தாள். ஏனோ சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து அவளுக்குத் தன் மேல் அதிர்ச்சியாக இருந்தது.

"போதகர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. சொன்னா விருந்தாளி மேசையில உக்கார வச்சிடுவாங்க."

"உக்காந்தா என்ன?"

"அப்புறம் எழுந்து வேலை செய்யவே விடமாட்டாங்க. அதுக்கு நான் வராமலே இருந்துடுவேன்."

சொன்னபடி செய்கிறவள்தான். வீட்டுக்கு வந்தும் கேன்டீன் அக்கா அடுப்புப் பக்கம் போகவில்லை. நடந்ததைக் கணவரிடம் மட்டும் சொன்னாள். கேலிக்கு இடம் தேடும் மனிதர் எழுந்து போய்ப் பின் அறையை எட்டிப் பார்த்தார். பிறகு, "பின் ரூம்ல ரெண்டு பழைய டயர்தான் கிடக்கு. இன்னைக்கே எடுத்துப் போட்டுடலாம்," என்றார். அவள், அது அடுத்தது என்றாள். முதலில் கண்ணாடிக்காரம்மா பின்வாசலுக்குத் திரும்பி வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அடுப்புக்கு மேலே இருந்த தாளைக் கிழித்தாள். முன்வாசல் திறக்க முக்கால் மணி இருக்கும்போது, சமையல் மேசையில் பரிமாறுகிறவர்கள் ஆறு பேருக்கும் தட்டு வைத்தாள். போதகர் ஆச்சரியப்பட்டுக் காரணம் கேட்டார். வெறும் வயிற்றோடு வேலை செய்தால் கை நடுங்குகிறது, போன வாரம் எட்டு முட்டை உடைந்தது என்று, ஆலயத்துக்குள் நின்றுகொண்டு கூசாமல் பொய் சொன்னாள். நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தாவது தட்டு அவளுடையது. ஆறாவது தட்டில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

பின்வாசல் தட்டப்பட்டபோது அவள் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

கண்ணாடிக்காரம்மா தட்டுகளைப் பார்த்தாள். தாள் இருந்த இடத்தில் வெளுத்துக் கிடந்த சுவரைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரும் ஏப்ரன் கட்டியிருந்தார்கள். ஆணியிலிருந்து தன்னுடையதை எடுத்து, தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு ஆறாவது தட்டின் முன் உட்கார்ந்தாள்.

"சட்டம் மாறிடுச்சு போல," என்றாள்.

"முட்டை ஆறிடுச்சு. தின்னும்மா," என்றாள் கேன்டீன் அக்கா.

வேலை முடிந்தது. வழக்கம்போல எச்சில் தட்டுகள் வந்தன. வழக்கம்போலக் கண்ணாடிக்காரம்மா ரொட்டி ஓரங்களை வழித்து டப்பாவில் போட்டாள். கேன்டீன் அக்காவின் கையிலிருந்த துணி பாதித் துடைப்பில் நின்றது. கண்ணாடிக்காரம்மா நிமிர்ந்து பார்த்து மூடியை அழுத்தினாள்.

"இன்னைக்கு நிஜமாவே நாய்க்குத்தான்க்கா."

பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர் வழக்கம்போலச் சிரித்தார்.