கொல்லைக்குப் போட்ட பூட்டு

பாபநாசத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டிய தெருவில், கட்டின நாள் முதல் பூட்டையே பார்க்காத வீடு அம்சத்தின் வீடு. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் களவு போக என்ன இருக்கிறது? கதவைச் சாத்திக் கயிற்றைச் சுற்றிவிட்டுப் போனால் போதும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஆடி மாதத்தில், அவள் கணவன் இராஜாங்கம் ஒரு புதுப் பூட்டை வாங்கிக்கொண்டு வந்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருஷம் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. வாய்க்காலுக்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். தெருவில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இராஜாங்கத்துக்கும் அங்கே வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அம்சத்துக்கும் உண்டாம். பத்தாவது படிக்கிற மகள் கனிமொழிக்கும் உண்டாம், துணியில் பிசிறு வெட்டுகிற வேலை. அந்த மூன்றாவது வேலைதான் அம்சத்தின் தொண்டையில் முள்ளாக நின்றது.

"எம் பொண்ணு பிசிறு வெட்டப் பொறக்கல, பரீட்ச எழுதப் போறா," என்றாள். "பொங்கல் வரைக்கும் நாங்க யாருகிட்டயும் கையேந்தாம இருந்து காட்டுறோம். முடியலேன்னா நீங்க வந்து வீட்டப் பூட்டுங்க. நானே முன்னால போயி பஸ்ஸுல ஏறுறேன்."

எதை வைத்துப் பிழைப்பாய் என்று அவன் கேட்டான். அவள் கொல்லைப்புறத்தைக் காட்டினாள். அங்கே ஒரு முருங்கை மரமும், குப்பைமேடும், மண்டிக் கிடந்த நாயுருவியும்தான் இருந்தன. இராஜாங்கம் சிரிக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பூட்டைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுத் தனியாகக் கிளம்பினான்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அம்சம் விதை தேடிக்கொண்டிருக்கவில்லை. ராஜகிரியில் காய்கறிக் கூடை சுமந்து விற்கும் ஜன்னத் பீவியிடம் கத்தரி நாற்றே வாங்கிவிட்டாள். கொல்லையைக் கொத்தினாள். சுற்றிலும் வரப்புக் கட்டினாள். அடிபம்பில் குடம் குடமாக அடித்து ஊற்றிச் சேறாக்கினாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் நடந்தபடியே, நாலு நாற்றை ஒன்றாகப் பிடித்துக் கட்டைவிரலால் சேற்றில் அழுத்தி ஊன்றிக்கொண்டே போனாள். பதின்மூன்று வயதிலிருந்து நடவு நட்ட கை. அந்தச் சரகத்தில் அவளை முந்தி நட ஆள் கிடையாது. ஒரு மணி நேரத்தில் கொல்லை முழுக்கக் கத்தரி நின்றது, பார்க்க வயல் மாதிரியே. கணுக்கால் மட்டத்துக்குத் தண்ணீரும் நின்றது.

கத்தரிக்கு நெல்லென்று நினைப்பு வருமா? ஆறாம் நாள் இலை மஞ்சளாயிற்று. பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகி நாற்றம் அடித்தது. எதிர்வீட்டுப் பூவம்மாள், முதல் கோணல் முற்றும் கோணல் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்சத்துக்கு அழுகை வந்தது. வீட்டுக்குள் போனால் ஆணியில் பூட்டு. வெளியே வந்தால் மஞ்சள் கொல்லை. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் குப்பை கொட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மிஞ்சிப்போனது என்று குப்பைமேட்டு ஓரத்தில் அவள் வீசி எறிந்த நாற்றில் ஒன்று வேர் பிடித்துப் பச்சென்று நின்றது. யாரும் நடவில்லை, யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றவில்லை. இவள் குடம் குடமாக ஊற்றியதெல்லாம் செத்துக் கிடக்க, கேட்பாரற்ற அது பிழைத்திருந்தது. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் ஜன்னத் பீவியை வழியில் மறித்துக் கேட்டாள். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நெல்லு வயித்துப்பிள்ள மாதிரி, தண்ணிக்குள்ளயே கெடக்கும். கத்தரிக்குக் காய்ச்சலும் வேணும், பாய்ச்சலும் வேணும் அம்சம். காயப்போடு, அப்புறம் பாய்ச்சு."

ஆவணியில் அம்சம் மறுபடி தொடங்கினாள். கட்டிய வரப்பை உடைத்தாள். வறண்ட வாய்க்காலிலிருந்து மணலைக் கூடையில் சுமந்து வந்து களிமண்ணில் கலந்தாள். மக்கிய குப்பையைக் கொட்டினாள். முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, ஒரு முழத்துக்கு ஒரு நாற்று என்று நட்டாள்; ஒவ்வொன்றாக நடுவது அந்தக் கைக்குப் பெரிய தண்டனை. வெயில் தாழும்வரை தென்னங்கீற்றை நிழலுக்குச் சாய்த்தாள். செடியடியில் வாழைச்சருகு பரப்பினாள். இலையில் பூச்சி கண்டால் விடிகாலைப் பனியோடு அடுப்புச் சாம்பலைத் தூவினாள். தண்ணீர் ஊற்றுமுன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பாள். ஈரம் தட்டினால் குடத்தைத் தொடமாட்டாள். ஊற்று ஊற்று என்று கை துடிக்கும். அந்தக் கையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஐப்பசி மழை கொட்டியபோது தெருவெல்லாம் குளம். நடுப்பகலில் கொட்டுகிற மழையில் மண்வெட்டியோடு இறங்கி வடிகால் வெட்டினாள். மேட்டுப்பாத்தி தப்பித்தது. கார்த்திகையில் முதல் கத்தரிக்காய். பின்னாலேயே வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. வீட்டுக்குப் போக மிஞ்சியதை ஜன்னத் பீவியின் கூடை ஏற்றிக்கொண்டு போயிற்று. ரேஷன் அரிசியும் கொல்லைக் காயுமாக அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. கனிமொழி ஒரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவில்லை. கோணல் பேசிய பூவம்மாள்கூட ஒரு நாள் நாற்று கேட்டு வந்தாள். ஒவ்வொன்றாக நடவேண்டும் என்று சொல்லித்தான் அம்சம் கொடுத்தாள்.

போகிக்கு முதல்நாள் காலை இராஜாங்கம் வந்து இறங்கினான். இளைத்திருந்தான், பஞ்சுத்தூசியில் இருமினான். திருப்பூரில் மூன்று பேருக்கு இடம் பார்த்துவிட்டதாகப் பையை இறக்கி வைக்கும்போதே சொன்னான். அம்சம் காப்பி கொடுத்தாள். டம்ளரோடு கொல்லைப்பக்கம் போனவன் அங்கேயே நின்றான். காய்த்துத் தொங்குகிற செடிகளை வெகுநேரம் பார்த்தான். பிறகு கண் மண்ணுக்குப் போயிற்று. மேல்மண் வெடித்துக் கிடந்தது. அவனும் நெல் வயலில் உழைத்தவன்தானே, பதறிப்போய்க் குடத்தை எடுத்தான்.

அம்சம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் விரலைத் தானே மண்ணுக்குள் அழுத்தினாள். உள்ளே சில்லென்று ஈரம் தட்டியது.

"மேலதான் காஞ்சிருக்கு," என்றாள். "தண்ணி இல்லேன்னு இது எங்கயும் ஓடல. நின்ன எடத்துலயே வேர கீழ விட்டுத் தேடிக்கிச்சு. நானும் எம் பொண்ணும் அப்படித்தான் இருந்தோம்."

இராஜாங்கம் விரலில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமலே வீட்டுக்குள் போனான். ஆணியைப் பார்த்தான். ஆணி வெறுமையாக இருந்தது. பூட்டு எங்கே என்று கேட்டான்.

காலையில் தான் திறந்துவைத்திருந்த, கொல்லையின் மூங்கில் படல் கதவை அவள் காட்டினாள். ஆட்டுக்கும் காய் திருடர்களுக்கும் பயந்து, சங்கிலி சுற்றி, கார்த்திகையிலேயே பூட்டை அங்கே போட்டிருந்தாள். இத்தனை நாள் இந்த வீட்டில் பூட்டுவதற்கு ஒன்றும் இல்லை, இப்போது இருக்கிறது என்றாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு சாவியில் ஒன்றை அவன் கையில் வைத்தாள்.

"நீங்க எப்ப வந்தாலும் தொறந்து தண்ணி ஊத்தலாம். வெரல விட்டுப் பாத்துட்டு ஊத்துங்க."

காணும் பொங்கல் முடிந்து இராஜாங்கம் தனியாகவே பஸ் ஏறினான். பையில் கத்தரிக்காய் இருந்தது. சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தான்.