ஏழாம் நம்பர் பனியன் என்னுது இல்ல

மஞ்சுளா செத்துப் போயிட்டாளாம்.

காலையில் அசெம்பிளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது அவள் தம்பி போன் பண்ணினான். "கவிக்கா... எங்கக்கா போயிட்டாங்கக்கா."

"எங்கடா போயிட்டா?" என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன்.

மூணு நாள் காய்ச்சலாம். ஓசூர்ல வேலைக்குப் போன இடத்திலேயே படுத்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்... அவ்வளவுதான். அதுக்கு மேல அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இருபத்தாறு வயசு. எட்டு சுற்று ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்காமல் கதை பேசுகிறவள். அவளுக்கு எப்படி... எனக்கு ஒன்றுமே ஓடலை. போன வாரம்தான் என் போட்டோவுக்குக் கீழே "குண்டாயிட்டடி டீச்சர்"னு கமெண்ட் போட்டிருந்தாள். கோவமா ஒரு பொம்மை போட்டதோடு விட்டுட்டேன்.

அவளைத் தெரியாதவர்களுக்கு... நாங்க ரெண்டு பேரும் பாலக்கோட்டில் ஒரே கிரவுண்டில் எண்ணூறு மீட்டர் ஓடினவர்கள். அவள் மாரண்டஹள்ளி. வீட்டில் கன்னடம் பேசுவார்கள். சுற்று எண்ணுவதுகூட "ஒந்து, எரடு, மூரு"தான்.

அப்போ ஒரு போர்வெல் மோட்டார் கம்பெனி எங்க டீமுக்கு ஸ்பான்சர் பண்ணினார்கள். ஆளுக்கு ஒரு நம்பர் போட்ட கறுப்பு பனியன். முதுகுப் பக்கம் சின்னப் பை, அதுக்குள்ள தீப்பெட்டி சைஸ்ல ஒரு சென்சார். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், இதயத்துடிப்பு எல்லாம் ஆப் வழியா கோயம்புத்தூர் ஆபீஸுக்குப் போயிடும்.

உள்ளே போடவேண்டிய பனியன் அது. ஆனால் உள்ளே போட்டால் கம்பெனி பெயர் தெரியாதே! அதனால டீ-ஷர்ட்டுக்கு மேல போட்டு ஓடச் சொன்னார்கள். முதுகில் மோட்டார் படத்தோடு ஓடினால் பசங்க சும்மா விடுவாங்களா... "அக்கா, நீங்க எத்தன எச்பி?"

மஞ்சு திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள். "உங்கூரு கெணத்துல தண்ணி இருந்தா சொல்லு, எறைச்சிக் காட்டறேன்."

கம்பெனி ஒரு கண்டிஷன் வைத்திருந்தது. பத்து நாள் டேட்டா வரலைன்னா பனியன் வேற பொண்ணுக்குப் போயிடும். அந்த மாசக் கடைசியில் யாருடைய டேட்டா நல்லா இருக்கோ, அந்த ஒருத்திக்கு பெங்களூரில் டிரெயினிங் கேம்ப்.

சரியாக அப்போதுதான் எனக்குக் கணுக்கால் பிசகியது. பூசணிக்காய் மாதிரி வீக்கம்.

"வுடுடி, பனியனுக்கு என்னா கண்ணா இருக்குது?" என்று சொல்லி என் ஏழாம் நம்பரையும் அவளே மாட்டிக்கொண்டாள். முதல் நாள் ரெண்டையும் ஒன்றுமேல் ஒன்றாகப் போட்டு ஓடிவிட்டாள் லூசு. அன்னைக்கே கோயம்புத்தூரிலிருந்து போன். "என்னம்மா, ரெண்டு பேர் டேட்டாவும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு?"

"ஒண்ணாவே ஓடறோம் சார். கையப் புடிச்சிக்கிட்டு" என்றாள். நான் தண்ணித் தொட்டி மேல உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மறுநாளிலிருந்து தனித்தனியா ஓடினாள். எனக்கு ஒருமுறை, அவளுக்கு ஒருமுறை. எட்டு சுற்று முடித்து, பனியன் மாற்றி, மறுபடியும் "ஒந்து"...

என்னுடையதைத்தான் முதலில் ஓடுவாள். தினமும். உடம்பில் தெம்பு இருக்கும்போது எனக்கு. களைத்த பிறகு அவளுக்கு.

"ஏன்டி என்னுத மொதல்ல ஓடற?" என்று கேட்டேன்.

"வாங்குன பொருள மொதல்ல குடுத்துடணும்டி. என்னுது எங்க போவுது?"

மாசக் கடைசியில் லிஸ்ட் வந்தது. முதலில் நான். ரெண்டாவது மஞ்சுளா.

ஃப்ளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கட்டினார்கள். என் முகம், பின்னாடி மோட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. அவள்தான் சொல்ல வேண்டாம்னு தடுத்தாள்னு இப்போ எழுதினால் நீங்க நம்பிடுவீங்க. அவள் தடுக்கலை. நானும் சொல்லலை. அவள் சொன்னது இதுதான்: "பெங்களூர்ல எங்க மாமா வூடு இருக்குது. ஒரு நாளைக்குப் போயி கறிச்சோறு துன்னுட்டு வா."

கேம்ப்பில் முதல் நாள் என்னை ஓடவிட்டுப் பார்த்த கோச் ஆப்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஆப்ல ஓடின பொண்ணு எங்கம்மா?"

கால் வலி சார் என்றேன்.

அந்த கேம்ப் சர்டிபிகேட்டை வைத்துத்தான் காரிமங்கலத்தில் இந்த பி.டி. டீச்சர் வேலை. அவள் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனாள். எத்தனையோ தடவை பார்த்தோம், பேசினோம், சேர்ந்து சினிமாவுக்குப் போனோம். ஒரு தடவைகூட அவள் அந்தப் பேச்சை எடுக்கலை. அவளாக எடுக்கட்டும்னு நான் காத்துக்கிட்டு இருந்தேனோ என்னவோ... தெரியலை. வெட்கமா இருக்கு.

இது யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் இதைப் படித்தால்தான் தெரியும்.

ரெண்டு மணிக்கு எடுக்கிறார்களாம். லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் பீரோவைக் கலைத்து அந்தப் பனியனை எடுத்தேன். சென்சாரை அப்பவே கம்பெனி வாங்கிக்கொண்டது. முதுகுப் பை காலியாக இருக்கிறது. இப்போ மாரண்டஹள்ளி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்லிக் கொடுப்பேன்...

மஞ்சு. வாங்கின பொருளை முதல்ல குடுத்துடணும்னு சொன்னியேடி. நான் இத்தனை வருஷமா வச்சிக்கிட்டேன்.

கொண்டாறேன்டி. எடுத்துடாதீங்க... வந்துட்டே இருக்கேன்.