சங்கின் கோடு நிற்கும் இடம்

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்ட செய்தி ஒரு தப்பான படத்தோடு என் கைபேசிக்கு வந்தது. துறைமுகச் சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் போட்டிருந்தார்: மாரடைப்பு, நாளை மணப்பாட்டில் அடக்கம், 'பிழையே இல்லாத கோடுகளைத் தந்தவர்.' கீழே நாங்கள் படம் வரைந்து அச்சிட்ட சங்குக் கையேட்டின் அட்டைப்படம். அந்தப் படத்தை எதிர்த்துத்தான் அக்கா ஆறு மாதம் மல்லுக்கு நின்றார். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவரைக் கோயில் பாடகர் குழுவில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கேன் செய்த சங்கைக் கம்ப்யூட்டரே கோட்டுப் படமாக வரையும்படி நிரல் எழுதுவது அவர் வேலை. வழுவழுப்பான ஒரு பொருளை நம் பார்வை உரசிக்கொண்டு போகும் இடம்தான் அதன் வெளிக்கோடு. கம்ப்யூட்டரோ சங்கைக் குட்டிக்குட்டி முக்கோணங்களாக வைத்திருக்கும். அதனால் கோடு ரம்பப் பல்லாக வரும். தெரிய வேண்டியது மறையும், மறைய வேண்டியது எட்டிப்பார்க்கும். அக்கா கோட்டின் வழியே முக்கோணங்களைத் திரும்ப வெட்டினார். ஒவ்வொரு முக்கோணமும் நம்மைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் முதுகைக் காட்ட வேண்டும்; பாதி இப்படி, பாதி அப்படி என்று இருக்கக் கூடாது. இரண்டு வருஷ உழைப்பு. "முத்துன்னா எந்தப் புரோகிராமும் வரைஞ்சிரும். ஒரு வட்டம், அம்புட்டுதான். சங்கு வரையட்டும், பாப்போம்" என்பார். முத்து நகரம் என்று பீற்றிக்கொள்ளும் ஊரில் இதைச் சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும்.

சங்கைச் சாய்த்துப் பார்த்தால், வயிறு ஒடுங்கி வாலுக்கு இறங்கும் இடத்தில் வெளிக்கோடு உடம்புக்குள் கொஞ்சம் வந்து சட்டென்று நின்றுவிடும். அதுதான் சரி; அதற்கு அப்பால் விளிம்பே கிடையாது. மேலாளர், "கோடு அறுந்திருக்கு, சேத்துருங்க" என்றார். அக்கா பையிலிருந்த சங்கை எடுத்து அவர் கையில் வைத்தார். "சார், நீங்களே பாத்துச் சொல்லுங்க. அதுக்கு அங்கிட்டு கோடு இருக்கா?" அந்த மனிதர் சங்கைப் பார்க்கவே இல்லை. பேப்பர்வெயிட் மாதிரி மேசையில் வைத்துவிட்டு, "வாங்குறவன் தப்புன்னு நினைப்பான்மா" என்றார். கண்ணால் பார்க்கவே மாட்டேன் என்கிறவருக்கு எதற்கையா படம்?

அக்கா மறுத்துவிட்டார். பிறகு சேர்த்தது யார்? நான்தான். ஓவியன் என்று மார்தட்டுகிற நான், நாற்பது படங்களிலும் கோட்டை இழுத்து எதிர் விளிம்போடு ஒட்டினேன். நிஜச் சங்கில் இல்லாத மடிப்பு ஒன்று எல்லாப் படத்திலும் முளைத்தது. அச்சான கையேட்டைச் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ஒருவரிடம் அக்கா காட்டியபோது, "இது நம்ம கடல் சங்கு இல்லியே" என்றாராம். அன்று என் மேசைக்கு வந்து ஒன்றுதான் கேட்டார்: "ஏலே சுடலை, உனக்குக் கண்ணு இருக்குல்லா?" நான் குனிந்து மேசை இழுப்பறையைத் துழாவினேன். அடுத்த நாளே பழையபடி சிரித்துப் பேசினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை அடிக்க அவருடைய தங்கை என்னிடம் படம் கேட்டாள். நான் கைவைக்காத கோப்பிலிருந்து, அக்காவின் நிரல் வரைந்த முதல் சங்கை எடுத்துக்கொண்டு போனேன். அச்சகத்துக்காரர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இங்கன கோடு பாதியில நிக்கி. சேத்துரட்டா?" என்றார்.

"தொட்டீருன்னா தெரியும் சேதி!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனார். மன்னிப்புக் கேட்டு, பையிலிருந்த சங்கை நீட்டினேன். மேலாளர் மேசையிலிருந்து நான் அன்றே எடுத்து வைத்துக்கொண்ட அதே சங்கு. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட ஆமா, இங்கன நின்னுதான் போகுது" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

திருப்பலி முடிந்ததும் ஒருவர் அந்த அட்டையைக் காட்டி, அக்காவின் வாழ்க்கையும் இந்தக் கோடு போலப் பாதியில் நின்றது என்று உருக்கமாகப் பேசினார். என்ன பேச்சு இது! கோடு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அக்கா நிற்க வேண்டிய இடமா இது?

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தச் சங்கும், நான் பதில் சொல்லாத அந்தக் கேள்வியும். மறுபதிப்புக்கு நாற்பது படங்களையும் அவர் வரைந்தபடியே அனுப்பிவிட்டேன். முன்பு கோட்டைச் சேர்த்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கண்ணு இருக்குக்கா.